ஆயுத பூஜையன்று கழற்றிய கியர்பாக்ஸ்

சந்திரா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. நின்றுகொண்டு, கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு படிக்கிற சமாச்சாரம் இல்லை இது. உறையை நான் ஒட்டவில்லை, அதையும் கவனித்திருப்பாய். வேண்டுமென்றுதான் ஒட்டவில்லை. ஒரு மனிதனை ஊர் கேட்கத் திருடன் என்று சொன்ன வீடு நம்முடையது. அதைத் திருத்துகிற கடிதம் மட்டும் எதற்கு மூடிய உறைக்குள் போக வேண்டும்? கோலாலம்பூரில் உன் வீட்டுக்கு வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் உனக்கு முன்னால் படித்தால் இன்னும் நல்லது.

போன மாதம் டெலிபோனில் பேசினாயே, நினைவிருக்கிறதா? மண்டபம், மேளம், சமையல்காரர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் சொன்னாய்: "அம்மா, தாய்மாமன் சடங்குக்கு வேற யாரையாச்சும் பாத்து வைங்க. அப்பா சொந்தத்துல ஒருத்தர நிறுத்திக்கலாம்லா. மணி மாமா வேணாம். பொண்ணு வீட்ல விசாரிச்சா அசிங்கம்." நானும் "சரிப்பா" என்றேன். என் கூடப் பிறந்த தம்பியைப் பற்றிப் பேசுகிறாய், நான் சரி என்றேன். போனை வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிதாக வலிக்கவில்லை. ஏனென்றால் அவன் திருடன் என்று நானும் இத்தனை வருசமாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்ப வைத்தவன் நீ.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, பினாங்குக்குப் போகிற வழியில் கார் சூடாகிப் புகை வந்து ஒரு மனிதர் நம் பட்டறைக்குள் வந்து நிறுத்தினார். உன் அப்பா போன பிறகும் நான் பட்டறையை மூடவில்லை, இரண்டு ஆட்களை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். வந்தவர் கோலாலம்பூர்த் தமிழர், நரைத்த மீசை. பையன்கள் ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவருக்குக் கோப்பி கலந்து கொடுத்தேன். காலண்டருக்கு மேலே மாட்டியிருக்கிற நம் பந்தயக் கார் படத்தைப் பார்த்தார். அதில் நீ பானெட்டில் சாய்ந்து நிற்கிறாய். "அட, சந்திரனோட அம்மாவா நீங்க?" என்று எழுந்தே விட்டார். நீ சேர்ந்து ஓட்டினாயே அந்தக் குழு, அதில் மெக்கானிக்காக இருந்தவராம்.

"உங்க மகன் கொண்டாந்த கியர்பாக்ஸ்லதாம்மா எங்க காரு அந்த வருசம் தாக்குப் பிடிச்சுச்சு. நாங்கதானே ராத்திரியில லோரி எடுத்துக்கிட்டு வந்து இங்கேருந்து ஏத்துனோம், அதான் எடம் சட்டுன்னு அடையாளம் தெரியல. ஆயுத பூஜை அன்னைக்கு. அவரே கழட்டி ரெடியா வச்சிருந்தாருலா. பெட்டி மேல சந்தனம், குங்குமம்லாம் இருந்துச்சு. எங்க தவுக்கே சீனரு, ஆனா பயந்துட்டாரு. சாமி பொட்டு, தொடைக்காதீங்கடான்னு சொல்லிட்டாரு."

சிரித்துக்கொண்டே சொன்னார். பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்தே சொன்னார். அந்தச் சீன முதலாளிக்கு இருந்த பயம்கூட என் வயிற்றில் பிறந்த உனக்கு இல்லாமல் போனதடா. அந்தப் பொட்டு நான் வைத்தது. கியர் குச்சி வெளியே வருகிற ஓட்டை வழியாகக் கையை விட்டு, பெட்டியின் தலையில் முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று வைத்தேன். உன் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வைத்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கார் செமோர் பக்கத்துத் தோட்டத்துப் பாதையில் ரப்பர் மரத்தில் மோதி நசுங்கிக் கிடந்த ஒரு சின்ன ஜப்பான் கார். அதை உன் அப்பா இழுத்துக்கொண்டு வந்து நிமிர்த்தி, என்ஜினை மாற்றிப் பெரிதாக்கி, உன்னை உட்கார வைத்தார். என்ஜின் பெரிதானது, கியர்பாக்ஸ் பழையதுதான். மாட்டு வண்டியில் லாரிப் பாரம் ஏற்றின கதை. பந்தயத்துக்குப் பந்தயம் இரண்டாவது கியரின் பல் உதிரும். திரும்பி வந்ததும் எண்ணெயை ஒரு துணியில் வடித்து, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி நான் இரும்புப் பல் பொறுக்குவேன். உன் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். நீ சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்வாய்.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் மணியம். என் தம்பி. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னபோது, என் கல்யாணத்தோடு சீதனம் மாதிரி என்னுடனேயே ஈப்போவுக்கு வந்தவன். பத்து காஜா டவுனில், ஈயம் தோண்டுகிற லம்பத்துப் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை கற்றுக்கொண்டான். அவன் ஒன்றும் சாது இல்லை. வாய்த் துடுக்கு, முன்கோபம், தலை சீவி முடிக்க அரை மணி நேரம் ஆகும், உன் பங்குக் கோழிக்காலையும் சேர்த்துச் சாப்பிடுவான். ஆனால் உனக்குக் காது குத்தியபோது நீ அவன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். நீ அழுத அழுகைக்கு அவன் சட்டையே நனைந்துபோனது.

அவன்தான் செமோரில் ஒரு பழைய இரும்புக் கடையில், விபத்தான பெரிய டாக்சி ஒன்றிலிருந்து கழற்றிப் போட்டிருந்த கியர்பாக்ஸைப் பார்த்துவிட்டு வந்தான். "அக்கா, இதுக்கு எலும்பு பெருசு. இத உங்க புள்ள உடைக்கணும்னா யானைய கட்டி இழுக்கணும்லா" என்றான். உன் அப்பாவுக்குச் சந்தேகம். பெரிய காரின் கியர்பாக்ஸ் சின்னக் காரில் எப்படி உட்காரும்? உட்காரத்தான் இல்லை. என்ஜினின் பின்பக்கமும் பெட்டியின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மணியம் கனத்த அலுமினியத் தகடு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் என்ஜினுக்கும் மறு பக்கம் பெட்டிக்கும் ஓட்டை போட்டு, நடுவில் வைக்கிற மாதிரி கடைந்தான். காரின் தரையை உளியால் வெட்டி, சுத்தியலால் தட்டிப் புடைக்க வைத்தான். பின் சக்கரத்துக்குப் போகிற நீளமான ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கினான். கியர் குச்சி உன் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீ சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு "இன்னும் கொஞ்சம் முன்னுக்கு மாமா" என்பாய். அவன் அதைக் கழற்றி, நெருப்பில் காட்டி, வளைத்து மறுபடியும் போடுவான். "இப்ப?" "இன்னும் கொஞ்சம்." "டேய், உனக்கு வளைக்கிறேனா, உங்க தாத்தாவுக்கு ஊன்றுகோல் செய்றேனா?" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் வளைப்பான்.

பெட்டியைத் தூக்கி உள்ளே பூட்ட நம்மிடம் நல்ல ஜாக்கி கிடையாது. என் பழைய நூல் சேலையைத்தான் தூளியாகக் கட்டினோம். காரின் இரண்டு கதவுக்கும் குறுக்கே ஒரு குழாய், அதிலிருந்து தரை ஓட்டை வழியாக இறங்குகிற சேலை, சேலைக்குள் கியர்பாக்ஸ். மணியம் கீழே படுத்துக்கொண்டு "ஏத்துங்க அக்கா, ஏத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துவான், நான் மேலே நின்று முறுக்குவேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் உன் அப்பா. அந்தச் சேலையில் கிடந்த கனம் இன்னமும் என் தோளுக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். நீ எடுத்தது கடையில் வாங்கின சாமான் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தகட்டைப் போல்ட் மட்டும் பிடித்துக்கொள்ளாது. போல்ட் இறுக்கும், அவ்வளவுதான். இடம் மாறாமல் பிடிப்பது இரண்டு எஃகு முளைகள், விரல் நுனி அளவுதான் இருக்கும். "திருகைக் கல்லுல நடு முளை ஆடுனா என்னா ஆவும்? அதே கதைதான். மயிரளவு தள்ளுனாலும் உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டே இருக்கும். வேகத்துல வெடிச்சா ஓட்டுறவன் கால்தான் பக்கத்துல இருக்கு" என்று மணியம் எல்லாரிடமும் சொன்னான். நீயும் கேட்டாய். ஒரு முளை போட்டாகிவிட்டது. இன்னொன்று கொஞ்சம் தளர்வாக இருந்தது, அவன் மனசுக்குப் பிடிக்காமல் பிடுங்கிவிட்டான். புதிதாகக் கடைய வேண்டும். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. "விஜயதசமி அன்னைக்கு மொத வேலையா கடைஞ்சு போட்டுர்றேன்" என்றான்.

ஆயுத பூஜை நம் பட்டறையில் எப்படி நடக்கும் என்று உன் வருங்கால மாமனார் வீட்டுக்கும் தெரியட்டும். சாயங்காலத்துக்குள் எல்லாச் சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக அடுக்கிவிடுவோம். பெரிய ஸ்பானரிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவர் வரைக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் சந்தனம் தொட்டு வைத்து, அது காய்வதற்குள் குங்குமம் வைப்பேன். பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை அதை யாரும் தொடக் கூடாது. ஒரு ஆணி கழன்றாலும் கழன்றபடியே கிடக்கட்டும் என்பார் உன் அப்பா. அன்றைக்குப் பட்டறைக்குப் பூட்டும் கிடையாது. சாமி உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதற்குப் பூட்டு? வருசத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் பூட்டாமல் போவோம். அந்த ஒரு நாளைத்தான் நீ பார்த்து வைத்திருந்தாய்.

நானும் உன் அப்பாவும் பழைய தோட்டத்துக் கோயில் பூஜைக்குக் கிளம்பினோம். நீ தலைவலி என்றாய். நெற்றியில் தைலம் தடவிவிட்டுப் போனேன். மணியம் பூ வாங்கக் கடைக்குப் போனவன் கோயிலுக்குத் தாமதமாகத்தான் வந்தான். மறுநாள் காலை பட்டறைக் கதவைத் தள்ளினால், கார் கட்டை மேல் நிற்கிறது, கீழே வெறும் ஓட்டை. சாமான்கள் வரிசை கலையாமல் இருந்தன. ஆனால் நான் பார்த்ததும் கண்டுபிடித்தேன். சில ஸ்பானர்களில் சந்தனம் இல்லை. வெறும் இரும்பில் குங்குமம், அதுவும் எண்ணெய்ப் பிசுக்கில் கரைந்து வழிந்திருந்தது. யாரோ எடுத்து வேலை செய்துவிட்டு, அவசர அவசரமாகத் துடைத்து, மறுபடியும் பொட்டு வைத்து அடுக்கியிருக்கிறார்கள்.

உன் அப்பா மணியத்தைத்தான் பார்த்தார். காரணம் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்து அந்தத் தகட்டையும் பெட்டியையும் கேட்டார்கள், முடியாது என்று விரட்டிவிட்டேன் என்று அவனே ஒருநாள் சோறு சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லியிருந்தான். "வெரட்டுனியா, இல்ல நாள் குறிச்சியா?" என்று உன் அப்பா கத்தினார். நான் நடுவில் போய் நின்றேன். "இவன் கோயில் வேல செஞ்சு வளர்ந்தவன்ங்க. சந்தனம் வைக்காம குங்குமம் வைப்பானா? இது வேற யாரோ செஞ்சது" என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா? நீ அங்கேதான் நின்றாய், உனக்குக் கேட்டது. அந்தச் சமயத்தில் என் பேச்சு ஒன்றுதான் அவனுக்குத் துணை. அதையும் நீ அடித்துப் போட்டாய்.

உன் அப்பா தட்டில் சூடம் ஏற்றினார். தொடாதவன் அணைக்கட்டும் என்றார். நீ ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. முன்னால் வந்து உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். "சத்தியமா நான் தொடலப்பா" என்றாய். சாமான்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன, சாமி பார்த்துக்கொண்டிருந்தார், உன்னைப் பெற்றவள் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மறுபடியும் சூடம் ஏற்றி மணியம் பக்கம் நீட்டினார். அவன் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்து, "அக்கா, நான் எடுக்கலன்னு வாயால சொல்றேன். அது போதாதா? சூடத்த அணைச்சாத்தான் நம்புவீங்கன்னா இந்த வீட்ல எனக்கு வேல இல்ல" என்றான். நான் என்ன செய்வேன்? ஒருவன் அணைத்துவிட்டான், ஒருவன் மாட்டேன் என்கிறான். பெற்ற பிள்ளை சூடத்தை அணைத்துப் பொய் சொல்வான் என்று எந்தத் தாய் நினைப்பாள்? வாயை மூடிக்கொண்டேன். அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் வீட்டிலேயே மறைத்து எனக்கே பரிமாறினாய்.

உன் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. நான்தான் மருந்து தடவி, துணி சுற்றி, இரண்டு நாள் சோறு ஊட்டிவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அப்புறம் நடந்தது தெரியும். உனக்குக் கோலாலம்பூரில் பெரிய குழுவில் இடம் கிடைத்தது. பெட்டியைக் கொண்டு வந்தால் சீட் தருகிறோம் என்று பேசியிருக்கிறார்கள், இப்போதுதான் புரிகிறது. ஷா ஆலம் பந்தயத்தில் நீ ஜெயித்தாய், பேப்பரில் படம் வந்தது. உன் அப்பா அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஈப்போ முழுக்கக் காட்டினார். நீ வீட்டுக்கு வந்தபோது கேட்டார்: "எந்தப் பெட்டிடா போட்டிருக்கானுங்க? ரெண்டாவது கியர் நிக்குதா?" நீ மீனைப் பிய்த்துக்கொண்டே, "அவங்களே செஞ்சதுப்பா" என்றாய். உன் அப்பா அதையும் நம்பி, "கெட்டிக்காரனுங்கடா" என்றார். அடேய், கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரடா. உனக்காகத்தானே செய்தது. திட்டியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், மூன்றாம் நாள் அவரே லாரியில் ஏற்றி அனுப்பியிருப்பார். மணியம் வண்டி கூடவே வந்து பூட்டிக் கொடுத்திருப்பான். கேட்டால் கிடைக்கிறதைத் திருடினாய். எனக்கு இன்றைக்கும் விளங்காதது அதுதான்.

இதை மட்டும் செய்திருந்தால் சின்ன வயது, ஆசை என்று மனசை ஆற்றிக்கொள்வேன். உன் அப்பா காரியத்தன்று நடந்ததற்கு என்ன சொல்லப் போகிறாய்? தாலி இறங்கின பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். எனக்குப் பிறந்த வீடு என்று உலகத்தில் மிச்சம் மணியம் ஒருவன்தான். கோடிச் சேலையைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். உன் அப்பாவின் சொந்தக்காரர்கள், "திருடன் கைக் கோடி இந்த வீட்டுக்கு வேணாம்" என்றார்கள். நீ மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, அவனுக்கு எதிரிலேயே நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முழு உண்மைகூட வேண்டாம், "வாங்கிக்குங்கம்மா" என்று ஒரு வார்த்தை. நீ தலையைக் குனிந்துகொண்டாய், உனக்கு அப்பா போன துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். எனக்குக் கோடி போட்டது உன் அப்பாவின் சித்தப்பா மகன். அப்படி ஒரு அவமானம் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

இப்போது உனக்குக் கல்யாணம். தாய் என்றால் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறேன். வரப்போகிற பெண்ணிடம் கோபப்படு, சண்டை போடு, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போ, அதெல்லாம் உன் அப்பாவும் செய்தவர்தான், நாங்கள் பிழைத்துக்கொண்டோம். ஆனால் நீ செய்த தப்பை அவளுடைய கூடப் பிறந்தவன் தலையில் போடாதே. ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து அறுத்துவிட்டால், அவள் உன் வீட்டில் சமைப்பாள், துவைப்பாள், சிரிக்கக்கூடச் செய்வாள். ஆனால் நோயில் படுத்தாலும் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆள் இருக்காது. நான் அப்படித்தான் இருந்தேன். இது உன் அப்பா எனக்குச் செய்தது இல்லை. நீ செய்தது.

அந்த மெக்கானிக் போன மறுநாளே நான் பஸ் ஏறிச் சித்தியவானுக்குப் போனேன். மணியம் அங்கே கடலோரமாக மீன்பிடிப் படகு என்ஜின்களைப் பழுது பார்க்கிறான். அவன் பெண்சாதி கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. சொல்லாததில் தப்பில்லை. அவன் கையெல்லாம் கரியோடு வந்து நின்றான். சீவ முடி அதிகம் இல்லை இப்போது. நான் அங்கேயே வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன், எடுத்தது சந்திரன்தான் என்று தெரிந்துவிட்டது என்று. அவனுக்கு முகம்கூட மாறவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அக்கா."

"எப்படிடா?"

"சூடத்த அணைக்கும்போது அவன் சாமிய பாக்கல, மச்சான பாக்கல, உங்களயும் பாக்கல. என்னயத்தான் பாத்தான்."

எனக்கு அவன் மேலும் ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. தெரிந்தால் அப்போதே சொல்ல வேண்டியதுதானே, இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை மடச்சியாக்கினீர்களா என்று கத்தினேன். அவன் பதிலுக்குக் கத்தினான். "சொன்னா நம்பியிருப்பீங்களா? சூடத்த அணைச்ச புள்ளய விட்டுட்டு என்னய நம்பியிருப்பீங்களா? சொல்லுங்க பாப்போம்." அவனே தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, கேட்காமலேயே சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

"கோவத்துல நேரா இங்கதான் வந்தேன். ஆனா தூக்கம் வரல அக்கா. ரெண்டாவது மொள போடாமலேயே பெட்டிய தூக்கிட்டுப் போயிட்டான். அவனுங்களுக்கு அது தெரியாது, இவனுக்குத் தெரியும், ஆனா சீட் போயிரும்னு வாயத் தொறக்க மாட்டான். அதோட ஓட்டுனான்னா கால் போயிரும். அளவு என் மனசுல இருந்துச்சு. இங்க ஒரு கூட்டாளி பட்டறையில கடைஞ்சு, தீப்பெட்டிக்குள்ள பஞ்சு வச்சுப் போட்டு, கோலாலம்பூருக்கு மீன் ஏத்திக்கிட்டுப் போற லோரிக்காரன்கிட்ட குடுத்தனுப்பினேன். சந்திரன் கையில மட்டும் குடு, வேற யாருகிட்டயும் குடுக்காதன்னு. குடுத்துட்டேன், வாங்கிக்கிட்டான், ஒண்ணும் சொல்லலன்னு லோரிக்காரன் வந்து சொன்னான்."

ஆக, உனக்குத் தெரியும். நீ திருடினது மாமாவுக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியும். திருடன் என்று பேர் வாங்கிக்கொண்டு போனவன், உன் காலுக்கு ஆபத்து வரக் கூடாது என்று முளை கடைந்து அனுப்பினான் என்றும் தெரியும். தெரிந்தும் அவன் கோடித் தட்டோடு நின்றபோது தலையைக் குனிந்தாய். தெரிந்தும் போன மாதம் போனில் அசிங்கம் என்றாய். சூடத்தை அணைத்ததைக்கூட மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது, சந்திரா. அந்தத் தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு வாடா என்று கேட்டேன். "வர மாட்டேன். கோடிய திருப்பி அனுப்புன வீட்டுக்கு மாலைய எடுத்துக்கிட்டு வர எனக்கு ரோசம் இல்லையா?" என்றான். நியாயம்தான். நான் வற்புறுத்தவில்லை. தாய்மாமனை அழைக்க வேண்டியது நீ. வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி சட்டை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு சித்தியவானுக்குப் போ. வாசலில் நிறுத்தினால் நில். திட்டினால் வாங்கிக்கொள். அவன் பெண்சாதி முன்னால், அக்கம்பக்கம் கேட்க, எடுத்தது நான்தான் என்று சொல். அதன் பிறகும் அவன் வருவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது, நான் உறுதி கொடுக்க மாட்டேன். நீ போகாவிட்டால், உன் முகூர்த்தத்தன்று நான் மண்டபத்தில் இருக்க மாட்டேன், என் தம்பி வீட்டில் இருப்பேன். தாயும் இல்லை, தாய்மாமனும் இல்லை, ஏன் என்று பெண் வீட்டார் கேட்டால் இந்தக் கடிதத்தைக் கொடு.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மணியம் என்னுடன் வந்தான். நான் படியில் கால் வைத்த பிறகு சட்டென்று கேட்டான்: "அக்கா, அவன் அந்த மொளைய போட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா? ஜெயிச்சான்னு பேப்பர்ல பாத்தேன். ஆனா போட்டு ஜெயிச்சானா, போடாம தப்பிச்சானான்னு தெரியல. இத்தன வருசமா அது ஒண்ணுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு."

நான் கேட்டுச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் உன்னிடம் கேட்கட்டும், நீ அவன் முகத்தைப் பார்த்துச் சொல். ஆனால் பெற்ற வயிறு, எனக்கும் அது தெரியாமல் தூக்கம் வர மாட்டேன் என்கிறது.

போட்டாயா, சந்திரா?

அம்மா